வலி வர மருந்து வைத்துப் பிரசவம்: பெற்றவர்களும் போகப்போகிறவர்களும் இங்கே பேசலாம்

மழைக்குருவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கர்ப்பத்துல சர்க்கரை வந்து இன்சுலின் போட்டுக்கிட்டிருந்தேன். அதனால 39 வாரம் ஆனதும் தானா வலி வரட்டும்னு காத்திருக்காம, மருந்து வச்சு வர வைக்கலாம்னு டாக்டர் நாள் குறிச்சாங்க. தலைச்சன் பிரசவம். பெண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். இங்க அடிக்கடி "நாளைக்கு அட்மிட் ஆகணும், உள்ள என்ன நடக்கும்"னு யாராவது கேக்குறாங்க. எனக்கு எல்லாம் நல்லா நினைவு இருக்கும்போதே எழுதிடறேன்.

மருந்து வச்ச உடனே வலி பிடிக்கும், இருட்டுறதுக்குள்ள குழந்தை கையில இருக்கும்னு வீட்டுல எல்லாரும் நினைச்சாங்க. அப்படி இல்லை. முதல் பாதியில பிரசவமே தொடங்கறதில்லை, கருப்பை வாயைப் பக்குவப்படுத்துற வேலைதான் நடக்குது. சேர்ந்ததும் உள்ள கை வச்சுப் பார்த்தாங்க. கருப்பை வாய் கெட்டியா, நீளமா, பின்னாடி தள்ளி, ஒரு விரல் நுனிகூட நுழையாத மாதிரி இருக்குன்னாங்க. அந்த நிலையில வலி வர வைக்கற ஆக்ஸிடோசின் மருந்தை ட்ரிப்ஸ்ல ஏத்தினா வலி மட்டும் வரும், வாய் திறக்காதாம். அதனால பலூன் வச்சாங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்குச் சிறுநீர் போக வைப்பாங்களே, அதே ரப்பர் குழாய்தான். நுனியில இருக்கற பலூனைக் கருப்பை வாய்க்கு உள்பக்கம் தள்ளி, உப்புநீர் ஏத்தி உப்ப வைப்பாங்க. வைக்கற அந்தக் கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அப்புறம் மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிறு இழுத்துக்கிட்டே இருந்தது, அவ்வளவுதான். நடந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

அன்னிக்கு முழுக்க "இன்னுமா?"னு போன் வந்துக்கிட்டே இருந்தது. அதுதான் மனசை அரிச்சது. எனக்கு ஏதோ ஒழுங்கா நடக்கலையோன்னு தோண ஆரம்பிச்சிடுச்சு. ராத்திரி வந்த சிஸ்டர் உக்காந்து சொன்னாங்க: "இது காத்திருக்கிற நேரம்னு நினைக்காதீங்க, உள்ள வேலை நடந்துக்கிட்டிருக்கு." விடியக்காலைல பாத்ரூம் போனப்ப பலூன் தானா கழன்று விழுந்துடுச்சு. பார்த்தா 4 செ.மீ. திறந்திருக்கு!

அதுக்கப்புறம் எல்லாம் வேகம். லேபர் வார்டுக்கு மாத்தி, பனிக்குடத்தை உடைச்சு விட்டாங்க. வலிக்கல, வெதுவெதுன்னு தண்ணி கொட்டிச்சு. கையில ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ், வயித்துல ரெண்டு பெல்ட், ஒண்ணு குழந்தை இதயத்துடிப்புக்கு, ஒண்ணு வலிக்கு. மணிக்கொரு தரம் விரல்ல குத்திச் சர்க்கரை பார்த்தாங்க. வலி இடுப்புல ஆரம்பிச்சு முன்பக்கம் சுத்தி வந்து இறுக்கும், விடும், மூச்சு வாங்கறதுக்குள்ள அடுத்தது. ஒரு கட்டத்துல எபிடூரல், அதான் முதுகுல போடற வலி மரப்பு மருந்து, கேட்டு வாங்கிக்கிட்டேன். அது வேலை செய்ய ஆரம்பிச்சதும் கண்ணயர்ந்துட்டேன். எழுப்பி "முழுசா திறந்துடுச்சு"ன்னாங்க. முக்கறது ரொம்ப நேரம் எடுத்தது, ஆனா பயமா இல்லை. பிறந்ததும் துடைச்சு நெஞ்சு மேல போட்டாங்க. தாய்க்குச் சர்க்கரை இருந்ததால குழந்தைக்குக் குதிகால்ல குத்திச் சர்க்கரை பார்த்தாங்க, சரியா இருந்தது.

கேள்வி இருந்தா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

காத்திருப்பவள் எழுதியது:

குருவி அக்கா, வாழ்த்துகள். படிக்கும்போதே அழுதுட்டேன். எனக்கு டியூ டேட் தாண்டிடுச்சு. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. 41 வாரம் ஆனா அட்மிட் ஆகச் சொல்லியிருக்காங்க. தானா வர்ற வலியை விட மருந்து வலி பல மடங்கு அதிகம்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க. அது நிஜமா? வேண்டாம்னு சொல்ற உரிமை நமக்கு இருக்கா?

லேபர்வார்டு சிஸ்டர் எழுதியது:

நான் பிரசவ அறையில் வேலை செய்யும் செவிலி. தனிப்பட்ட ஆலோசனை இங்கே சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை நிச்சயம் உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் மருந்து வைக்கக்கூடாது. "எனக்கு ஏன் தேவை, இன்னும் சில நாள் பொறுத்தால் என்ன ஆபத்து, அந்த நாட்களில் குழந்தையை எப்படிக் கண்காணிப்பீர்கள்" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் வர வேண்டும்.

வலியைப் பற்றி: தானாக வரும் வலி பெரும்பாலும் மெல்லத் தொடங்கும், பல மணி நேரம் எடுத்துப் படிப்படியாகக் கூடும். உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. ட்ரிப்ஸ் போட்டால் அந்த ஏற்றம் குறுகிய நேரத்தில் நடந்துவிடும், அதனால்தான் தாங்க முடியவில்லை என்று பலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் ட்ரிப்ஸ் நம் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்து. நிமிடத்துக்கு 1 அல்லது 2 மில்லியூனிட் என்று தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சமாக ஏற்றுவது பரவலான முறை. பத்து நிமிடத்துக்கு ஐந்துக்கு மேல் வலி வந்தால் அது அதிகம், குழந்தைக்கு மூச்சு வாங்க இடைவெளி கிடைக்காது. உடனே குறைப்போம் அல்லது நிறுத்துவோம். ரத்தத்தில் ஆக்ஸிடோசின் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும், நிறுத்தியதும் வலி தணிவதைக் கண்ணால் பார்க்கலாம். வயிற்றில் பெல்ட் கட்டி வைப்பது இதற்காகத்தான். எரிச்சலாக இருக்கும், கழற்றச் சொல்லி எல்லாரும் கேட்பார்கள், ஆனாலும் ட்ரிப்ஸ் ஓடும் வரை அது இருக்க வேண்டும். படுத்தே கிடக்க வேண்டும் என்று மட்டும் இல்லை. உட்காரலாம், கட்டிலருகே நிற்கலாம்.

எபிடூரல் இத்தனை செ.மீ. திறந்தால்தான் போடுவார்கள் என்பது பழைய வழக்கம். வலி வந்து நீங்கள் கேட்டால் போதும். ரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீருக்குக் குழாய் வைக்க வேண்டி வரலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

சிவப்புக்குடை எழுதியது:

மன்னிக்கணும், எல்லாரும் ஒரே பக்கமா பேசற மாதிரி தெரியுது. எங்க வீட்டுல அக்காவுக்கு எந்தச் சிக்கலும் இல்லாம "வந்துட்டீங்க, வச்சுடலாம்"னு மருந்து வச்சாங்க. காரணம் கேட்டப்போ யாரும் சரியா சொல்லல. கடைசியில ஆபரேஷன். பழம் பழுத்தா தானா விழும், அதுக்கு முன்னாடி ஏன் உலுக்கணும்? செயற்கை ரசாயனத்தை ஏத்தி உடம்பைக் கட்டாயப்படுத்தினா அது எதிர்க்கத்தான் செய்யும். மருந்து வச்சாலே பாதி சிசேரியன்லதான் முடியுதுன்னு கேள்விப்பட்டேன். டாக்டர்களோட வசதிக்காக நடக்கறதை எல்லாம் தேவைன்னு நம்பிடக்கூடாது.

நீலவானம் எழுதியது:

சிவப்புக்குடை, காரணம் சொல்லாமல் மருந்து வைத்தது தப்பு. அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். மற்ற இரண்டில் இல்லை.

"செயற்கை ரசாயனம்" என்பது முதலில். ட்ரிப்ஸில் ஓடுவது நம் மூளையில் சுரக்கும் அதே ஆக்ஸிடோசின்தான், மூலக்கூறு அளவில் வித்தியாசம் இல்லை. வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டி 1955-ல் வேதியியல் நோபல் வாங்கினார். வேறுபாடு தரும் விதத்தில் இருக்கிறது. உடம்பு அதை விட்டு விட்டுத் துடிப்பாகச் சுரக்கிறது, ட்ரிப்ஸ் இடைவிடாமல் ஓடுகிறது.

சிசேரியன் பற்றி. மருந்து வைத்தவர்களையும் அதே நாளில் தானாக வலி வந்தவர்களையும் ஒப்பிட்டால் முன்னவர்களுக்கு சிசேரியன் அதிகமாகத்தான் தெரியும். பழைய கணக்குகள் அப்படித்தான் போடப்பட்டன. ஆனால் 39 வாரத்தில் மருந்து வேண்டாம் என்பவருக்கு அன்றே வலி வந்துவிடப் போவதில்லை. அவர் கையில் இருப்பது காத்திருத்தல் மட்டுமே. அந்தக் காத்திருப்பில் பிரஷர் ஏறலாம், பனிக்குட நீர் குறையலாம், பிறகு மருந்தே வைக்க வேண்டியும் வரலாம். ஆகவே மருந்து வைப்பதைக் காத்திருப்பதோடு ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்டது 2018-ல் வெளியான அரைவ் ஆய்வு. அமெரிக்காவில் 41 மருத்துவமனைகள், சிக்கல் இல்லாத தலைச்சன் கர்ப்பிணிகள் 6,106 பேர். 39-வது வாரத்தில் மருந்து வைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்கு சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2. குழந்தைக்குக் கடும் பாதிப்பு 4.3, 5.4 சதவீதம். இந்த இரண்டாவது வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். லேபர் வார்டில் இருந்த நேரம் மருந்து வைத்தவர்களுக்குக் கூடுதல், அதையும் சொல்லிவிட வேண்டும்.

காத்திருப்பவள், உங்கள் நிலைக்கு நெருக்கமானது 2019-ல் வந்த ஸ்வீடன் ஆய்வு. 41 வாரத்தில் மருந்து வைப்பதா, 42 வரை பொறுப்பதா என்று 2,760 பேரிடம் பார்த்தார்கள். பொறுத்த குழுவில் ஆறு குழந்தைகள் இறந்தன, மருந்து வைத்த குழுவில் ஒன்றுகூட இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சிசேரியன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பொறுத்தவர்களிலும் ஆகப் பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே பிறந்தது. ஆனால் 41 வாரம் என்று உங்கள் டாக்டர் சொல்வதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் முடிந்ததும் மருந்து வைக்கத்தான் பரிந்துரைக்கிறது. அதற்கு முன் எந்தக் காரணமும் இல்லாமல் வைப்பதை அது பரிந்துரைக்கவில்லை. சிவப்புக்குடை, இந்த இடத்தில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான்.

சிவப்புக்குடை எழுதியது:

பொறுமையா எழுதினதுக்கு நன்றி. ஒப்பீடு பற்றிச் சொன்னது புரியுது, நான் அப்படி யோசிச்சதில்லை. ஆனா ஆய்வுல விதி போட்டு, இத்தனை நேரம் பொறுக்கணும்னு எழுதி வச்சு நடத்துவாங்க. நிஜ வார்டுல அந்தப் பொறுமை இருக்கா? அக்காவுக்குக் காலைல மருந்து வச்சு ராத்திரிக்குள்ள "முன்னேற்றம் இல்லை"ன்னு தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாங்க. 3 செ.மீ.தான் திறந்திருந்ததுன்னு சீட்டுல எழுதியிருக்கு.

லேபர்வார்டு சிஸ்டர் எழுதியது:

உங்கள் அக்காவின் சீட்டில் வேறு காரணம், குழந்தையின் துடிப்பு இறங்கியது போல, ஏதும் இருந்ததா என்று தெரியாமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது இந்த விஷயத்திலேயே மிக முக்கியமான கேள்வி.

3 செ.மீ. என்பது பிரசவத்தின் தூங்குமூஞ்சிக் கட்டம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு (ACOG) 2014-லிருந்தே 6 செ.மீ. முதல்தான் பிரசவம் வேகம் எடுக்கும் என்று கணக்கு வைக்கிறது. மருந்து வைத்தவர்களுக்கு அந்த முதல் கட்டம் 24 மணி நேரமும் அதற்கு மேலும் போகலாம். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைந்த பிறகு குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் ஆக்ஸிடோசின் ஓடிய பின்னும் வேகம் பிடிக்காவிட்டால்தான் மருந்து பலிக்கவில்லை என்று சொல்லலாம். அதற்கு முன் சொன்னால், "குழந்தைக்கு ஏதாவது சிரமமா, இல்லை நேரம் ஆகிறது என்பது மட்டும்தான் காரணமா" என்று கூட இருப்பவர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு யாரும் கோபப்படக் கூடாது.

இன்னொன்று, தொடங்கும்போதே பிஷப் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மிருதுவா கெட்டியா, முன்பக்கமா பின்பக்கமா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது: ஐந்தையும் சேர்த்து 13-க்கு மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் என்றால் தானாக வலி வந்தவர்களைப் போலவே நார்மலாகப் பிறக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். 6 அல்லது குறைவு என்றால் பலூனோ, ஜெல்லோ, மிசோப்ராஸ்டால் மாத்திரையோ வைத்துப் பக்குவப்படுத்தாமல் நேரடியாக ட்ரிப்ஸுக்குப் போவது வீண். மதிப்பெண் 2 என்று தெரிந்தால் "நாளைக்கோ நாளை மறுநாளோ" என்று மனதைத் தயார் செய்துகொள்ளலாம், வீட்டாருக்கும் சொல்லிவிடலாம்.

இருமுறை அம்மா எழுதியது:

இவ்வளவு நாள் படிச்சுட்டு மட்டும் போயிடுவேன். இன்னிக்கு எழுதணும்னு தோணுது.

முதல் பிள்ளைக்கு பிரஷர் ஏறி 37 வாரத்துல மருந்து வச்சாங்க. ஜெல், ட்ரிப்ஸ் எல்லாம் பார்த்தாச்சு, 5 செ.மீ.க்கு மேல திறக்கவே இல்லை. அவங்க அவசரப்படல, ரொம்பப் பொறுத்தாங்க. கடைசியில குழந்தையோட துடிப்பு ஒவ்வொரு வலிக்கும் இறங்கி மெதுவா ஏறவும், ஆபரேஷன். அது சரியான முடிவுதான், எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா பார்க்க வந்தவங்க எல்லாம் "கொஞ்சம் தம் பிடிச்சிருந்தா நார்மலா ஆகியிருக்கும்"னு சொல்லிட்டுப் போனாங்க. தையல் வலியோட அதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தது இன்னும் ஆறல. தயவு செஞ்சு இதைப் படிக்கறவங்க யாரும் ஒரு பெத்தவகிட்ட அப்படிச் சொல்லிடாதீங்க. கருப்பை வாய் திறக்கறதும் திறக்காததும் தம்ல இல்லை.

ரெண்டாவதுக்கு நார்மல் முயற்சி பண்ணலாம்னாங்க. முன்னாடி சிசேரியன் ஆனவங்களுக்கு மிசோப்ராஸ்டால் வைக்கவே கூடாது, பழைய தையல் பிரியற ஆபத்து கூடும்னு சொல்லி, பலூனும் குறைஞ்ச அளவு ட்ரிப்ஸும் மட்டும் வச்சாங்க. பக்கத்துலயே தியேட்டர் தயாரா இருந்தது. பையன் நார்மலாப் பிறந்தான். ரெண்டு பிரசவத்துலயும் நான் அதே பொம்பளைதான், அதே உடம்புதான்.

மழைக்குருவி எழுதியது:

அக்கா, உங்க ரெண்டாவது பத்தியை என் வீட்டுல சத்தமா படிச்சுக் காட்டினேன். எழுதினதுக்கு ரொம்ப நன்றி.

லேபர்வார்டு சிஸ்டர் எழுதியது:

இருமுறை அம்மா, நீங்கள் சொன்னது சரி. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகத் தையல் போட்ட சிசேரியனுக்குப் பின் நார்மல் முயற்சி செய்பவர்களில், ஆயிரத்தில் ஐந்து முதல் ஒன்பது பேருக்குத் தையல் பிரியலாம். மிசோப்ராஸ்டால் அதைக் கூட்டும். ஆகவே அட்மிட் ஆனதும் முதல் வார்த்தையாக "எனக்கு முன்னாடி சிசேரியன் ஆகியிருக்கு" அல்லது "ஃபைப்ராய்டு (கருப்பைக் கட்டி) ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று சொல்லிவிடுங்கள். சீட்டில் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

மிசோப்ராஸ்டால் மாத்திரை பற்றி உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருந்தார், பொதுவில் சொல்கிறேன். பிரசவத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாய்வழியாக 25 மைக்ரோகிராம், இரண்டு மணிக்கு ஒருமுறை. பரவலாகக் கிடைக்கும் மாத்திரை 200 மைக்ரோகிராம், அதாவது எட்டு மடங்கு. வீட்டில் வாங்கி உடைத்துப் போடுவது உயிரோடு விளையாடுவது. பேதி மருந்து குடித்து வலி வர வைக்கும் முயற்சியும் வேண்டாம். நாள் நெருங்கிவிட்டது, மருந்து இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா என்றால், பரிசோதனையின்போது பனிக்குடச் சவ்வை விரலால் சுற்றி விலக்கி விடச் சொல்லிக் கேட்கலாம். அசௌகரியமாக இருக்கும், கொஞ்சம் ரத்தம் கசியும், ஆனால் சிலருக்கு அதுவே போதுமாகிவிடுகிறது.

அப்பாவாகப் போகிறேன் எழுதியது:

வணக்கம். மனைவிக்கு அடுத்த வாரம் நாள் குறிச்சிருக்காங்க. உணவுக் கட்டுப்பாட்டுலயே சர்க்கரை சரியா இருக்கு, இன்சுலின் இல்லை. நான் கூட இருக்க அனுமதி கிடைச்சிருக்கு. என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது? சும்மா பக்கத்துல நிக்கறதுக்கு மட்டும் போக விரும்பல.

மழைக்குருவி எழுதியது:

சகோ, கேட்டதே சந்தோஷமா இருக்கு. அவங்க போனை நீங்க வாங்கி வச்சுக்குங்க. "இன்னுமா"க்கு எல்லாம் நீங்களே பதில் சொல்லுங்க, அவங்க காதுக்குப் போகவே வேண்டாம். முதல் நாள் தூங்க வைங்க. அது விளக்கு அணையாத இடம், ஆள் வந்து போய்க்கிட்டே இருப்பாங்க, ஆனாலும் தூங்கணும், ஏன்னா உடம்புல தெம்பு வேண்டியது கடைசியிலதான். வலி வரும்போது இடுப்புக்குக் கீழ, முதுகெலும்பு முடியற இடத்துல, உள்ளங்கையால நல்லா அழுத்திப் பிடிங்க. தடவினா எரிச்சல்தான் வரும், அழுத்தணும். பேசச் சொன்னா பேசுங்க, "பேசாதே"ன்னா கோவிச்சுக்காம நில்லுங்க. டாக்டர் சொல்றதை எல்லாம் எழுதி வைங்க. வலியில என் காதுல எதுவுமே ஏறல, என் வீட்டுக்காரர் எழுதி வச்ச தாள்தான் எனக்கு அப்புறம் நடந்ததைச் சொல்லிச்சு.

நீலவானம் எழுதியது:

ஒன்று மட்டும். இன்சுலின் இல்லாமல் உணவிலேயே கட்டுக்குள் இருந்தால், 40 வாரம் 6 நாள் வரை பொறுக்கலாம் என்பது சிஸ்டர் சொன்ன அமெரிக்க மருத்துவர் அமைப்பின் வழிகாட்டல். சர்க்கரைக்கு மருந்து எடுத்து அது நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால்தான் 39-வது வாரம். குழந்தையின் எடை, நீர் அளவு போல வேறு காரணம் இருக்கலாம். எதற்காக இந்த நாள் என்று போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவாகப் போகிறேன் எழுதியது:

கேட்டேன். கடைசி ஸ்கேன்ல பனிக்குட நீர் குறைஞ்சிருக்கு, அதான் காரணமாம். எங்ககிட்ட யாரும் சொல்லலைன்னு நினைச்சேன், மனைவிகிட்ட சொல்லியிருக்காங்க, நான் கவலைப்படுவேன்னு அவங்க மறைச்சிருக்காங்க. இன்னிக்கு ரெண்டு பேரும் உக்காந்து எல்லாம் பேசிட்டோம்.

சிவப்புக்குடை எழுதியது:

பிறந்த பிறகு என்ன கவனிக்கணும்? இதைப் பத்தி யாருமே பேசறதில்லை.

லேபர்வார்டு சிஸ்டர் எழுதியது:

ரத்தப்போக்கு. ஆக்ஸிடோசின் ரொம்ப நேரம் ஓடியிருந்தால் கருப்பை களைத்துப்போய், நஞ்சுக்கொடி விழுந்த பின் இறுகாமல் தளர்ந்து நிற்கலாம். அதனால்தான் பிறந்ததும் இன்னொரு ஊசி போடுகிறோம், வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்க்கிறோம். அது வலிக்கும், பல தாய்மார்கள் கையைத் தட்டி விடுவார்கள், ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும். பேட் சட்டென்று நனைந்தாலோ, பெரிய கட்டியாக விழுந்தாலோ, தலை சுற்றினாலோ "எல்லாருக்கும் இப்படித்தானே" என்று படுத்திருக்காமல் கூப்பிடுங்கள். குழந்தைக்கு எதுவும் சிரமம் இல்லை என்றால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது விட்டு வெட்டச் சொல்லலாம், நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம். மருந்து வைத்துப் பிறந்தது என்பதால் இவை எதுவும் இல்லை என்று ஆகாது.

காத்திருப்பவள் எழுதியது:

சிஸ்டர், மூணு கேள்வியையும் எழுதிக் கொண்டு போய்க் கேட்டேன். டாக்டர் உக்கார வச்சுப் பதில் சொன்னாங்க. 41 வாரத்துக்குச் சம்மதிச்சுட்டேன். மதிப்பெண் 4, முதல்ல பலூன். ஆனா இன்னிக்குப் போன் பண்ணி லேபர் வார்டுல இடம் இல்லை, ரெண்டு நாள் தள்ளி வாங்கன்னாங்க. ரெண்டு நாள் தள்ளினா பரவாயில்லையா?

லேபர்வார்டு சிஸ்டர் எழுதியது:

அவசரக் காரணம் இல்லாதவர்களை இப்படித் தள்ளுவது எல்லா இடத்திலும் நடக்கும். ஆனால் உங்களுக்கு 41 வாரம் என்பதால், "இடையில் ஒரு முறை வந்து துடிப்பும் நீர் அளவும் பார்த்துக்கொள்ளட்டுமா" என்று அவர்களிடமே கேளுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தை விடக் குறைந்தாலோ, நீர் உடைந்தாலோ, அதிலும் பச்சை நிறமாக வந்தாலோ, ரத்தம் வந்தாலோ, குறித்த நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். இடம் இல்லை என்று சொன்னது நாள் குறித்து வருபவர்களுக்குத்தான். நேரே கிளம்பி வாருங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும்.